நகரப் பேருந்தில் கட்டண வசூலும் பயணச்சீட்டுப் பரிசோதனையும்: செய்யும் முறை

காலை எட்டு மணிக்கு இண்டூரில் நின்று தருமபுரி நோக்கிக் கிளம்பும் நகரப் பேருந்தில், உட்கார்ந்தவர்களும் நின்றவர்களுமாக எண்பது பேருக்குக் குறையாமல் இருப்பார்கள். அவர்களில் கட்டணம் செலுத்துவோர், கட்டணமில்லாப் பயணத்திற்கு உரிய பெண்கள், பாஸ் வைத்திருக்கும் மாணவர்கள், அரைச் சீட்டுக் குழந்தைகள், பாதி வழியில் இறங்குவோர் என எல்லா வகையினரும் கலந்திருக்க, நடத்துநர் ஒருவர் அத்தனை பேரையும் தொட்டு வந்து முடிப்பதற்குள் பேருந்து அடுத்த நிறுத்தத்தில் நின்று இன்னும் பதினைந்து பேரை ஏற்றிக்கொண்டிருக்கும். இந்த வேலையைக் குறையில்லாமல் செய்ய வழி உண்டு. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட நகரப் பேருந்துகளிலும் மினி பஸ்களிலும் புதிதாகப் பை மாட்டிக்கொள்ளும் நடத்துநர்களுக்காகவும், அவர்களைப் பரிசோதிக்கச் செல்லும் பரிசோதகர்களுக்காகவும் அந்த வழியை இங்கே எழுதுகிறேன். நான் முதல் வேலையில் பதினொரு ஆண்டுகளும் இரண்டாவதில் ஒன்பது ஆண்டுகளும் இருந்தவன்.

முதலில் மனத்தில் பதிய வேண்டியது ஒரே ஒரு கணக்குதான். பேருந்தில் இருக்கும் தலைகள், சீட்டு அச்சடிக்கும் மெஷினில் ஏறியிருக்கும் சீட்டுகள், பையில் இருக்கும் பணம் ஆகிய மூன்றும் எந்த ஸ்டேஜில் (கட்டணம் மாறும் நிறுத்தத்தில்) நிறுத்திக் கேட்டாலும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். பெரும்பாலான நடத்துநர்கள் சீட்டையும் பணத்தையும் மட்டுமே பொருத்திப் பார்க்கிறார்கள். அந்த இரண்டும் பொருந்துவதற்கு மெஷினே உதவி செய்துவிடும். தவறு நடப்பதெல்லாம் தலைக்கும் சீட்டுக்கும் இடையில்தான். ஆகவே ஆளை எண்ணப் பழகாத நடத்துநர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் மாட்டிக்கொள்வார் என்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

பேருந்து கிளம்புவதற்கு முன்

டெப்போவில் மெஷினைக் கையில் வாங்கியவுடன் தேதி, நேரம், தடம் எண், நடை எண் (அன்றைய எத்தனையாவது பயணம் என்பது) ஆகியவற்றைத் திரையில் பார்த்துச் சரி என்று உறுதி செய்துகொண்ட பிறகே கையெழுத்திட வேண்டும். தடம் எண் மாறியிருந்தால் ஸ்டேஜ் பட்டியலும் கட்டணமும் மாறிவிடும். முதல் நடை முடிந்த பிறகு அதைக் கண்டுபிடித்தால் கொடுத்த சீட்டுகள் அனைத்தும் தவறானவையாகிவிடும். சோதனைக்காக ஒரு சீட்டு அச்சடித்துப் பார்த்து, எழுத்து மங்கலாக விழுந்தால் அப்போதே வேறு மெஷின் கேட்பது நல்லது. காகித உருளை ஒன்று உபரியாகவும், மெஷின் நின்றுவிட்டால் கொடுப்பதற்கு அச்சிட்ட சீட்டுக் கட்டு ஒன்றும் கட்டாயம் பையில் இருக்க வேண்டும். அச்சிட்ட கட்டின் தொடக்க எண்ணை, நடத்துநரின் கணக்குத் தாளான வே பில்லில் எழுதாமல் எடுத்துச் செல்லக்கூடாது.

சொந்தப் பணத்தைக் குறித்துவைப்பதில் பலரும் சோம்பல்படுகிறார்கள். சட்டைப் பையில் வீட்டுச் செலவுக்கு வைத்திருக்கும் இருநூறு ரூபாயானாலும், அதை நடை தொடங்கும் முன்பே வே பில்லில் எழுதிவிட வேண்டும். எழுதாத பணம் பரிசோதனையின்போது வசூல் பணமாகவே எண்ணப்படும். அது எங்கிருந்து வந்தது என்று பிறகு விளக்கம் சொல்லிப் பயனில்லை. சில்லறைக்காக டெப்போவில் கொடுக்கும் முன்பணத்தையும் இதே போல் எழுதிக்கொள்ள வேண்டும்.

சில்லறையைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் பக்கத்தில் பத்து ரூபாய் நாணயத்தை வாங்க மறுக்கும் பழக்கம் கடைக்காரர்களிடமும் பயணிகளிடமும் நெடுநாளாக உண்டு. பத்து ரூபாய் நாணயத்தின் பதினான்கு வடிவங்களும் செல்லத்தக்கவை என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியில் தெளிவாக அறிவித்திருக்கிறது. பயணி கொடுத்தால் நடத்துநர் வாங்கிக்கொள்ளத்தான் வேண்டும். நடத்துநர் கொடுக்கும்போது பயணி மறுத்தால், வாக்குவாதம் செய்யாமல் வேறு சில்லறை கொடுப்பது நேரத்தை மிச்சப்படுத்தும். அதனால் காலை நடைக்கு ஐந்து ரூபாய், இரண்டு ரூபாய் நாணயங்களைக் கூடுதலாகக் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது.

தடத்தின் ஸ்டேஜ்களை மனப்பாடம் செய்வது என்றால், பட்டியலில் உள்ள பெயர்களை மட்டும் ஒப்பிப்பது போதாது. பயணி ஸ்டேஜின் பெயரைச் சொல்ல மாட்டார். தன் ஊரின் பெயரையோ, கோயிலையோ, கொட்டாய் எனப்படும் சிறு குடியிருப்பையோ சொல்லுவார். தருமபுரி மாவட்டத்தில் அள்ளி என்று முடியும் ஊர்களுக்கும் கொட்டாய் என்று முடியும் ஊர்களுக்கும் கணக்கில்லை. ஒரே பெயரில் இரண்டு ஊர்கள் இரண்டு தடங்களில் இருப்பதும் உண்டு. ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் போனால் தெலுங்கிலும் கன்னடத்திலும் ஊர்ப்பெயரைச் சொல்லிச் சீட்டு கேட்பார்கள். புதிய தடத்திற்குப் போகும் நடத்துநர், முன்பு அந்தத் தடத்தில் இருந்தவரோடு ஒருநாள் முழுக்கப் பயணம் செய்து, எந்தக் கொட்டாய் எந்த ஸ்டேஜுக்குள் வருகிறது என்பதைச் சிறு குறிப்பேட்டில் எழுதிக்கொள்வதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரிந்து வேறில்லை. கட்டணம் ஸ்டேஜ் அளவில்தான் வாங்கப்படுகிறது. நடுவில் உள்ள நிறுத்தத்தில் இறங்குபவருக்கு அதற்கு அடுத்த ஸ்டேஜ் வரைக்குமான கட்டணம் உண்டு என்பதைப் பொறுமையாக விளக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

சீட்டு கொடுக்கும் முறை

வேலை மூன்று அடுக்காக நடக்க வேண்டும்: ஊரைக் கேட்பது, பணத்தை வாங்கிக் கையில் பிடிப்பது, சீட்டையும் மீதிச் சில்லறையையும் ஒன்றாகக் கொடுப்பது. வாங்கிய நோட்டை உடனே பைக்குள் போட்டுவிட்டால், "நான் நூறு ரூபாய் கொடுத்தேன்" என்று ஒருவர் சொல்லும்போது பதில் சொல்ல வழியிருக்காது. சீட்டையும் சில்லறையையும் கொடுத்து முடிக்கும் வரை அந்த நோட்டு விரல் இடுக்கில் மடித்தபடி கண்ணுக்குத் தெரிந்துகொண்டே இருக்க வேண்டும்.

கூட்டம் நெரியும் வேளையில் நடத்துநரால் பேருந்தின் முன்பகுதிக்குப் போக முடியாது. அப்போது பணம் கை மாறிக் கை மாறி வரும். முன்வாசல் பக்கம் யாரோ நீட்டிய இருபது ரூபாய் நோட்டு, "அதகபாடி ஒண்ணுங்க" என்ற குரலோடு ஐந்தாறு கைகளைத் தாண்டி வந்து சேர்கிறது. அதைக் கொடுத்தவரின் முகம் நடத்துநருக்குத் தெரியாது. இந்த நேரத்தில், வந்த தொகையையும் ஊரையும் எண்ணிக்கையையும் உரக்கத் திருப்பிச் சொல்ல வேண்டும். "இருபது வந்தது, அதகபாடி ஒண்ணு, மீதியும் சீட்டும் வருது" என்று சொல்லிவிட்டு, சில்லறையைச் சீட்டுக்குள் மடித்து அதே கைகளின் வழியாக அனுப்பினால், நடுவில் உள்ளவர்களே சாட்சியாகிவிடுவார்கள். சீட்டைத் தனியாகவும் சில்லறையைத் தனியாகவும் அனுப்பினால் ஒன்று போய்ச் சேரும், மற்றொன்று சேராது.

சில்லறை இல்லாதபோது சீட்டின் பின்பக்கம் மீதித் தொகையை எழுதிக் கொடுக்கும் வழக்கம் தமிழ்நாடு முழுவதும் உள்ளது. இதை முற்றிலும் தவிர்க்க முடியாது. ஆனால் கட்டுக்குள் வைத்திருக்க வேண்டும். ஒரு நடையில் இப்படி எழுதிக் கொடுத்த மீதிகளைத் தனியாக ஒரு துண்டுத் தாளில், சீட்டு எண்ணோடும் தொகையோடும் அப்போதைக்கப்போது குறித்துக்கொள்ள வேண்டும். இதை நான் வலியுறுத்துவதற்கு ஒரு காரணம் உண்டு. வேலைக்கு வந்த மூன்றாம் ஆண்டில், ஒரு ஞாயிற்றுக்கிழமை போச்சம்பள்ளி சந்தைக் கூட்டத்தில், என் பையில் கணக்கைவிட நாற்பத்தேழு ரூபாய் அதிகம் இருந்தது. அது முழுவதும் பயணிகளுக்கு நான் தர வேண்டிய மீதி. ஆனால் என்னிடம் குறிப்பு ஒன்றும் இல்லை. பரிசோதித்தவர் கேட்டபோது மீதி வாங்க வேண்டியவர்களில் பாதிப்பேர் இறங்கிப் போயிருந்தார்கள். பணம் வாங்கிச் சீட்டு கொடுக்காமல் விட்டதாகவே அறிக்கை போனது. இறுதியில் பெரிய தண்டனை இல்லாமல் முடிந்தாலும், அந்த விளக்கக் கடிதத்தை எழுதிய இரவை நான் மறக்கவில்லை. அன்றைக்குப் பின் துண்டுத் தாள் இல்லாமல் நான் பேருந்து ஏறியதில்லை.

முதல் ஸ்டேஜைத் தாண்டும் முன் அதுவரை ஏறிய அனைவருக்கும் சீட்டு முடிந்திருக்க வேண்டும் என்பது விதி. முடியவில்லை என்றால் ஓட்டுநரிடம், "அண்ணே, டிக்கெட் இன்னும் முடியல, ஓரமா கொஞ்சம் நிறுத்துங்க" என்று கேட்டு நிறுத்தி, முடித்துவிட்டுப் போவதற்கு நடத்துநர் தயங்கக் கூடாது. ஓட்டுநருக்கு நேரக் கணக்கு இருக்கும், பின்னால் தனியார் பேருந்து வந்துகொண்டிருக்கும். ஆனாலும் இரண்டு நிமிடத் தாமதத்தை அடுத்த மூன்று நிறுத்தத்தில் சரிசெய்துவிடலாம். கொடுக்காமல் விட்ட சீட்டைப் பிறகு சரிசெய்ய முடியாது.

இனி எண்ணும் முறையைச் சொல்கிறேன். பென்னாகரத்தில் சீட்டுக்கு உரியவர்கள் முப்பத்து நான்கு பேரும், பாஸ் உள்ள மாணவர்கள் பதினொரு பேரும் ஏறுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். முப்பத்து நான்கில் ஆறு சீட்டுகள் பி.அக்ரகாரம் வரை, மீதி இருபத்தெட்டும் அதற்கு அப்பால். பி.அக்ரகாரத்தில் அந்த ஆறு பேர் இறங்கிப் புதிதாகப் பத்தொன்பது பேர் ஏறிச் சீட்டு வாங்குகிறார்கள். இப்போது உயிருள்ள சீட்டுகள், அதாவது இறங்கும் ஊர் இன்னும் வராத சீட்டுகள், இருபத்தெட்டும் பத்தொன்பதும் சேர்ந்து நாற்பத்தேழு, பாஸ் பதினொன்று, ஆக ஐம்பத்தெட்டுத் தலைகள் பேருந்தில் இருக்க வேண்டும். எண்ணிப் பார்த்தால் அறுபது இருக்கிறது என்றால், இரண்டு பேர் சீட்டு வாங்கவில்லை, அல்லது பி.அக்ரகாரத்திற்கு வாங்கிய இருவர் இறங்காமல் தொடர்கிறார்கள். எண்ணிக்கை ஐம்பத்தாறாக இருந்தால் யாரோ சீட்டு வாங்கிய ஊருக்கு முன்பே இறங்கியிருக்கலாம். அதில் நஷ்டம் இல்லை. கைக்குழந்தைகளை இந்த எண்ணிக்கையில் சேர்க்கக் கூடாது. நிற்பவர்களை எண்ணுவது கடினம் என்பார்கள். இருக்கைகளின் எண்ணிக்கை நமக்குத் தெரியும், நிற்பவர்களை மட்டும் பின்வாசலிலிருந்து முன்வாசல் வரை இரண்டு இரண்டாக எண்ணினால் ஒரு நிமிடத்தில் முடியும். பத்து நாள் பழகினால் எண்ணாமலேயே, பேருந்தைப் பார்த்தவுடன் இரண்டு தலை கூடியிருப்பது கண்ணுக்குப் பட்டுவிடும்.

கட்டணமில்லாச் சீட்டும் சலுகைகளும்

அரசின் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிப் பயணம் செய்யும் திட்டம் 2021 மே 8 முதல் நடைமுறையில் இருக்கிறது. திருநங்கையருக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும் அவர்களுடன் வரும் துணையாளர் ஒருவருக்கும் அது பின்னர் விரிவுபடுத்தப்பட்டது. பணம் வாங்கப்படுவதில்லை என்பதால் சீட்டு தேவையில்லை என்று சில நடத்துநர்கள் எண்ணுகிறார்கள். அது பெரிய தவறு. இந்தச் சீட்டுகளின் எண்ணிக்கையை வைத்துத்தான் அரசு போக்குவரத்துக் கழகங்களுக்கு ஈட்டுத்தொகை கிடைக்கிறது. எந்தத் தடத்தில் எந்த நேரத்தில் எத்தனை பெண்கள் போகிறார்கள் என்பதும் அதிலிருந்துதான் தெரிகிறது. ஓசூர் சிப்காட் தொழிற்சாலைகளுக்கு வேலைக்குப் போகும் பெண்கள் கூட்டம் நிறைந்த நடையில் சீட்டுப் போடாமல் விட்டால், அந்தத் தடத்தில் கூட்டமே இல்லை என்று கணக்கு காட்டும். பிறகு நடை குறைக்கப்பட்டால் பாதிக்கப்படுவது அதே பெண்கள்தான். ஏறாத பெண்களுக்குச் சீட்டு அடித்து எண்ணிக்கையைக் கூட்டுவதும், இறங்கும் ஊரைக் கேட்காமல் கடைசி ஸ்டேஜ் வரை அடித்துவிடுவதும் இதே அளவுக்குப் பொய்க் கணக்கு.

இந்தப் பயணத்தை ஓசி என்று எந்த நடத்துநரும் வாயால் சொல்லக் கூடாது. விடியற்காலையில் பூக்கூடையோடு ஏறும் ஒரு பெண்மணியிடம், "ஆயா, எங்கம்மா போகணும்?" என்று கேட்டுச் சீட்டைக் கையில் கொடுப்பதற்கும், முகத்தைப் பார்க்காமல் சீட்டைக் கிழித்து மடியில் போடுவதற்கும் எவ்வளவு வேறுபாடு உண்டு என்பதை அவர்கள் முகத்திலேயே பார்க்கலாம். அவர் அரசு கொடுத்த உரிமையில் பயணம் செய்கிறார். பணம் கொடுத்துப் போகிறவருக்குக் காட்டும் மரியாதையில் ஒரு துளியும் குறையக் கூடாது. பெண்கள் நிற்பதைப் பார்த்து நிறுத்தத்தைத் தாண்டி நிறுத்துவது பற்றி நான் எழுதவே கூசுகிறேன். பரிசோதகர்கள் பேருந்துக்குள் மட்டும் பார்க்காமல், நிறுத்தத்தில் நின்று அதையும் கவனித்து எழுத வேண்டும்.

குழந்தைகளுக்கான சலுகையில் அடிக்கடி தகராறு வரும். அரசுப் பேருந்துகளில் ஐந்து வயது வரையிலான குழந்தைகளுக்குக் கட்டணம் இல்லை என்று 2022இல் அறிவிக்கப்பட்டது; அதற்கு மேல் பன்னிரண்டு வயது வரை அரைக் கட்டணம். வயதில் ஐயம் வந்தால் பெற்றோர் சொல்வதை ஏற்றுக்கொண்டு நகர்ந்துவிடுவதே நல்லது. மாணவர் பாஸில் படம், செல்லுபடியாகும் காலம், தடம் ஆகிய மூன்றையும் பார்க்க வேண்டும். கல்வியாண்டின் தொடக்கத்தில் புதிய பாஸ் வந்து சேரும் வரை என்ன செய்வது என்பதற்கு டெப்போவிலிருந்து வரும் சுற்றறிக்கையைப் பின்பற்ற வேண்டும்.

செல்பேசி வழிப் பணம் வாங்கும் மெஷின்கள் வந்த பிறகு ஒரு புதிய கவனம் தேவைப்படுகிறது. பயணி தன் திரையில் பச்சைக் குறியைக் காட்டினால் அதை நம்பிச் சீட்டு கொடுக்கக் கூடாது. பணம் வந்ததை நடத்துநரின் மெஷின் உறுதி செய்த பிறகே சீட்டு அச்சாக வேண்டும். ஒகேனக்கல் மலைப் பாதை போல சிக்னல் விட்டுவிட்டு வரும் இடங்களில், அந்தப் பகுதிக்குள் நுழைவதற்கு முன்பே செல்பேசியில் செலுத்துபவர்களை முடித்துவிட வேண்டும்.

பரிசோதனை செய்யும் முறை

பரிசோதகர் பேருந்து நிலையத்தில் ஏறக் கூடாது. அங்கே நடத்துநர் ஒவ்வொருவரும் எச்சரிக்கையாக இருப்பார்கள். மேலும் ஏறி இறங்கும் பரபரப்பில் எண்ணிக்கை தெளிவாக வராது. இரண்டு ஸ்டேஜ்களுக்கு நடுவில், முந்தைய ஸ்டேஜின் சீட்டுகள் முடிந்திருக்க வேண்டிய இடத்தில் நிறுத்தி ஏற வேண்டும். இருவர் சேர்ந்து போனால் ஒருவர் முன்வாசலிலும் ஒருவர் பின்வாசலிலும் ஒரே நேரத்தில் ஏறுவது முறை.

ஏறியவுடன் செய்ய வேண்டிய முதல் வேலை, மெஷினைக் கையில் வாங்கிக்கொள்வது. பரிசோதகரைப் பார்த்த பிறகு அவசரமாக அடிக்கப்படும் நான்கு சீட்டுகள் பரிசோதனையையே பொய்யாக்கிவிடும். ஆனால் கடைசி நிறுத்தத்தில் இப்போதுதான் ஏறியவர்களுக்குச் சீட்டு கொடுக்க நடத்துநருக்கு நேரம் இருந்ததா என்று நேர்மையாக யோசிக்க வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 124 சொல்வதும் அதுதான்: பேருந்துக்குள்ளேயே சீட்டு கொடுக்கும் ஏற்பாடு இருந்தால், பயணி ஏறிய பிறகு கூடிய விரைவில் கட்டணம் செலுத்திச் சீட்டு பெற வேண்டும். ஏறிய அந்த நொடியிலேயே என்று சட்டம் கேட்கவில்லை. நூறு அடிக்கு முன்னால் ஏறியவரைச் சீட்டு இல்லாதவர் என்று எழுதும் பரிசோதகர், தன் அறிக்கையின் மதிப்பைத் தானே குறைத்துக்கொள்கிறார்.

மெஷினிலிருந்து ஸ்டேஜ் வாரியான அறிக்கையை எடுத்து, உயிருள்ள சீட்டுகள் எத்தனை, கட்டணமில்லாச் சீட்டுகள் எத்தனை என்று குறித்த பின், தலைகளை எண்ண வேண்டும். அதன் பிறகுதான் சீட்டுகளைக் கேட்க வேண்டும். பலர் ஏறியவுடனே சீட்டைக் கேட்கத் தொடங்கிவிடுகிறார்கள். தலையும் சீட்டும் பொருந்திவிட்டால் ஒவ்வொருவரிடமும் சீட்டு கேட்டு நெரிசலில் அவர்களைத் தொல்லைப்படுத்த வேண்டிய அவசியமே பெரும்பாலும் இல்லை. ஊர் தாண்டிப் பயணம் செய்பவர்களைக் கண்டுபிடிக்கச் சிலரிடம் பார்த்தால் போதும். பார்த்த சீட்டின் மேல் கையொப்பக் கீற்று ஒன்று போட்டுவிட வேண்டும். இறங்குபவர்களிடம் நடத்துநர் சீட்டைத் திரும்ப வாங்கி வைத்துக்கொள்கிறாரா என்று கவனிக்க வேண்டும். பழைய சீட்டை மறுபடி விற்பது அப்படித்தான் தொடங்கும்.

சீட்டு இல்லாத ஒருவர் அகப்பட்டால், அது நான்கில் ஒன்றாக இருக்கும். அவர் பணமே கொடுக்காமல் இருந்திருக்கலாம், பணம் கொடுத்தும் சீட்டு கிடைக்காமல் இருந்திருக்கலாம், வாங்கிய சீட்டின் ஊரைத் தாண்டி வந்திருக்கலாம், சீட்டைத் தொலைத்திருக்கலாம். இந்த நான்கையும் பிரித்தறிவதில்தான் பரிசோதகரின் திறமையும் மனசாட்சியும் தெரியும். பயணியிடம் பேசும்போது நடத்துநர் பக்கத்தில் நிற்கக் கூடாது. "எங்கே ஏறினீர்கள்?" என்பதை முதலில் கேட்க வேண்டும், "பணம் கொடுத்தீர்களா?" என்பதை இரண்டாவதாகவும், "எவ்வளவு கொடுத்தீர்கள், மீதி எவ்வளவு வாங்கினீர்கள்?" என்பதை மூன்றாவதாகவும் கேட்க வேண்டும். உண்மையில் கொடுத்தவர் மூன்றாவது கேள்விக்குத் தயங்காமல் நோட்டின் மதிப்போடு பதில் சொல்லுவார். சீட்டைத் தொலைத்தவர் என்றால், அவர் ஏறிய ஸ்டேஜிலிருந்து சொல்லும் ஊருக்கு மெஷினில் எத்தனை சீட்டு ஏறியிருக்கிறது, அந்த ஊருக்குப் போகும் எத்தனை பேர் கையில் சீட்டு இருக்கிறது என்று பார்த்தால் ஒரு சீட்டு உபரியாக நிற்கும். அப்போது அவரை நம்பலாம். குரலை உயர்த்திப் பேசுவதும், ஊரார் முன்னிலையில் திருடன்போல் நிறுத்துவதும் கூடவே கூடாது. பேருந்தில் இருக்கும் எல்லோரும் பக்கத்துப் பக்கத்து ஊர்க்காரர்கள். அரை மணி நேரத்தில் அந்தச் செய்தி அவர் வீட்டு வாசலுக்குப் போய்விடும்.

சீட்டின்றிப் பயணம் செய்தவருக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் பிரிவு 178இன் கீழ் 500 ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். கட்டணத்தை வாங்காமல் விடுவது, வாங்கியும் சீட்டு கொடுக்காதது, குறைந்த மதிப்புள்ள சீட்டைக் கொடுப்பது ஆகியவற்றிற்கு நடத்துநருக்கும் அதே பிரிவு அதே அளவு அபராதம் வகுத்திருக்கிறது என்பது பல நடத்துநர்களுக்குத் தெரிவதில்லை.

பையிலுள்ள பணத்தை நடத்துநர் முன்னிலையில், நோட்டு வாரியாக எண்ணி, அவர் கையொப்பத்தோடு எழுத வேண்டும். எழுதிவைத்த சொந்தப் பணத்தையும் முன்பணத்தையும் கழித்து, கொடுக்க வேண்டிய மீதிகளின் துண்டுத் தாளைக் கேட்டு வாங்கி, அதையும் கழித்த பிறகு வரும் வித்தியாசமே உண்மையான வித்தியாசம். குறைவு இருந்தால் நடத்துநர் கட்ட வேண்டியிருக்கும். அதிகம் இருந்தால்தான் ஆழமாக விசாரிக்க வேண்டும். மீதிக் குறிப்பில் உள்ள இரண்டு சீட்டுகளையாவது பேருந்துக்குள்ளேயே தேடிப் பின்பக்கத்தைப் பார்ப்பது நேர்மையான நடத்துநரைக் காப்பாற்றும். எனக்கு அன்று யாராவது அதைச் செய்திருந்தால் நல்லது என்று இப்போதும் நினைக்கிறேன்.

அறிக்கையைப் பேருந்திலேயே எழுத வேண்டும். வண்டி எண், தடம், நேரம், நிறுத்திய இடம், கடைசி ஸ்டேஜ், தலை எண்ணிக்கை, சீட்டு எண்ணிக்கை, பணம் இவையெல்லாம் அதில் இருக்க, பயணியின் வாக்குமூலத்தைக் கூடுமானவரை அவர் கையெழுத்தோடு பெற வேண்டும். பயணிகள் அவசரத்தில் எழுதித்தர மறுப்பது வழக்கம். அதனால் அறிக்கை செல்லாமல் போய்விடாது. ஹரியானா அரசுப் பேருந்து நடத்துநர் ஒருவரின் வழக்கில், பயணிகளை விசாரிக்கவில்லை என்பதால் மட்டும் துறை விசாரணை செல்லாமல் போகாது என்று நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் 1977இல் உச்ச நீதிமன்றத்தில் தீர்ப்பளித்தார். இந்தத் தீர்ப்பைப் பரிசோதகர்கள் சோம்பலுக்குச் சாக்காக எடுத்துக்கொள்ளக் கூடாது. வாக்குமூலம் இல்லாத அறிக்கையின் மேல் ஒரு மனிதனின் வேலை தொங்குகிறது என்றால், அந்த அறிக்கையின் மற்ற வரிகள் எவ்வளவு துல்லியமாக இருக்க வேண்டும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

நடத்துநர்களுக்கும் ஒரு வழக்கைச் சொல்ல வேண்டும். கர்நாடகத்தில் ஒரு நடத்துநர் முப்பத்தைந்து பயணிகளிடம் தலைக்கு 2 ரூபாய் 25 காசு வாங்கிக்கொண்டு 1 ரூபாய் 75 காசுச் சீட்டு கொடுத்திருந்தார். மொத்த வித்தியாசம் இருபது ரூபாய்கூட இல்லை. 2001இல் உச்ச நீதிமன்றம் அவருடைய பணிநீக்கத்தைச் சரியென்றே சொன்னது. தொகை சிறியது என்பது எந்த இடத்திலும் சமாதானமாகாது.

தனியார் பேருந்து, மினி பஸ் உரிமையாளர்களுக்குச் சுருக்கமாக ஒன்று. வசூலை நாளுக்கு நாள் ஒப்பிட்டு நடத்துநரைச் சந்தேகிக்க வேண்டாம்; கிழமைக்குக் கிழமை, நடைக்கு நடை ஒப்பிடுங்கள். ராயக்கோட்டை, பாலக்கோட்டுத் தக்காளி மண்டிகளில் வரத்து மிகுந்த வாரமும் குறைந்த வாரமும் ஒன்றாக இராது. ஆடிப்பெருக்கன்று ஒகேனக்கல் தடத்தில் வரும் வசூலை மறுநாள் எதிர்பார்ப்பதும் நியாயம் இல்லை. அதே கிழமையின் அதே நடையில் நான்கு வாரம் தொடர்ந்து குறைந்தால் மட்டும் நேரில் ஏறி எண்ணிப் பாருங்கள். பேட்டா என்னும் படிப்பணத்தை உரிய நாளில் உரிய அளவில் கொடுங்கள்.

இரவு டெப்போவில் பணம் கட்டும்போது நோட்டுகளை மதிப்பு வாரியாகக் கட்டி, நாணயங்களைத் தனியாகப் பையிலிட்டு, மெஷினின் இறுதி அறிக்கையோடு பொருத்திய பிறகே காசாளரிடம் கொடுக்க வேண்டும். கொடுக்காமல் நின்றுபோன மீதிகளை வசூலோடு கலக்காமல், துண்டுத் தாளையும் சேர்த்துத் தனியாகச் சொல்லிக் கட்டி, ரசீது வாங்கிக்கொள்ள வேண்டும். மறுநாள் காலை அதே தடத்தில், பின்பக்கம் மூன்று ரூபாய் என்று நம் கையெழுத்தில் எழுதிய கசங்கிய சீட்டோடு பள்ளிக்கூடப் பிள்ளை ஒருவன் வந்து நிற்பான். அவனுக்கு மூன்று ரூபாயைக் கொடுத்து, சீட்டை வாங்கி, துண்டுத் தாளில் அந்த எண்ணை அடித்துவிட வேண்டும்.